ரங்கப்பிள்ளை வீதி வீட்டைப் பார்க்கச் செல்லும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் வாசலில் கூடி, அங்கிருந்து ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்கு நடந்து செல்கிறோம்.

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த பிள்ளை (1709–1761), 1736 முதல் தம் இறுதி நாட்கள் வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பால் இன்று நினைக்கப்படுகிறார். 1730களில் எழுந்த அவருடைய வீடு, 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கியபோது தப்பிய மிகச் சில கட்டடங்களுள் ஒன்று.

உள்ளே சென்றதும் சுவரில் உள்ள படங்களுக்கு ஓடாமல், முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழ்த்தளத்தில் வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள் தாழ்வாரத்தைத் தாங்க, அவற்றுக்கு மேலே, அதே முற்றத்தைச் சுற்றி, வெண்சுண்ணம் பூசிய பிரெஞ்சுப் பாணித் தூண்கள் நிற்பதைக் காணலாம். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இரு மொழிகளுக்கிடையே பேசிப் பிழைத்தவரின் வீடு வேறெப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மரத்தூண்களைக் கையால் தடவிப் பார்க்கும் ஆசை எழும், தயவுசெய்து தவிர்க்கவும்.

வெளியே வந்தபின், கால்வாய்க்கு மேற்கே அமைந்த தமிழர் பகுதியில் எஞ்சியுள்ள திண்ணை வீடுகளையும், வழிப்போக்கருக்கு நிழல் தரவென்றே தெருப்பக்கம் இறக்கப்பட்ட தாழ்வாரங்களையும் பார்ப்போம். வருவோர் வெள்ளி மாலைக்குள் இங்கேயே பெயர் தெரிவிக்க வேண்டுகிறேன்.