பழைய பதிப்பிலும் இயங்கும்படி மென்பொருளைத் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்ட பிறகு, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத கணினிகளில் லினக்ஸை நிறுவிக்கொள்ளுமாறு பலரும் ஆலோசனை சொல்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால், ஒருமுறை நிறுவிய பதிப்பிலேயே பல ஆண்டுகள் இருந்துவிடும் வீடுகளையும் சிறு அலுவலகங்களையும் மென்பொருள் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

இயங்குதளத்தோடு வரும் மென்பொருள்களை அதை வெளியிடுகிறவர்களே ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தொகுத்து (எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய கோப்பாக மாற்றி) தருகிறார்கள். பிற நிறுவனங்கள் தரும் கணக்கு மென்பொருளுக்கோ அச்சுப்பொறிக்கான மென்பொருளுக்கோ அந்த வசதி கிடையாது. அவை எந்தக் கணினியில் தொகுக்கப்பட்டனவோ, அதிலுள்ள ஜிலிப்சி (glibc) என்னும் அடிப்படை நூலகத்தின் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) பதிப்பைச் சார்ந்தே இயங்குகின்றன. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் 20.04 பதிப்பில் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04இல் இருப்பது 2.35. ஒரு சி நிரல் தொடங்கும்போதே அழைக்கும் செயற்கூறுக்கு (function) 2021இல் வந்த 2.34இல் புதிய பதிப்பு அடையாளம் தரப்பட்டதால், 22.04இல் வழக்கமான முறையில் தொகுத்த மிகச் சிறிய நிரல்கூட 20.04இல் திறக்காது. புதிய வசதி எதையும் அந்த நிரல் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

இதற்காக நூலகத்தை எழுதுகிறவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறை அவர்கள் வேகப்படுத்தியபோது நகலெடுக்கும் வரிசை மாறியது. பழைய வரிசையை நம்பி எழுதப்பட்டிருந்த அடோபி ஃபிளாஷ் என்னும் இணையக் காணொளி மென்பொருளில், 2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பின் பயனர்களுக்கு ஒலி சிதைந்தது. தவறு ஃபிளாஷினுடையது என்றாலும், ஜிலிப்சி 2.14இல் புதிய மெம்காப்பிக்குத் தனி அடையாளம் கொடுத்து, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையே கிடைக்கும்படி செய்தார்கள். பழையதில் தொகுத்தது புதியதில் ஓட வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் அக்கறை மெச்சத்தக்கது.

ஆகவே, ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய பதிப்பில் தொகுப்பதே தயாரிப்பாளர் செய்ய வேண்டியது. ஒரு கணினிக்குள்ளேயே வேறொரு பதிப்பின் சூழலை அமைத்துத் தரும் கன்டெய்னர் இருக்கும்போது அதற்குப் பழைய கணினி ஒன்றும் தேவையில்லை. பைத்தான் நிரல்மொழி உலகில் மெனிலினக்ஸ் (manylinux) என்ற விதிமுறையே இதற்காக உள்ளது; அதன் 2014 வகை, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பில் இருந்த ஜிலிப்சி 2.17ஐ அளவுகோலாகக் கொண்டது. இது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும்: தரவை மறையாக்கிப் பாதுகாக்கும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் பதிப்புக்கு உபுண்டு 22.04 மாறி 1.1ஐக் கைவிட்டபோது, அதை நம்பியிருந்த வெளி மென்பொருள்கள் நின்றுபோயின. அத்தகைய நூலகங்களை மென்பொருளோடு சேர்த்தே தருவதும், அவற்றின் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் வெளியிடுவதும் தயாரிப்பாளரின் கடமை.

கைவிடத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட் மென்பொருளின் 1.86 பதிப்பு, தொலைவிலுள்ள சர்வர்களில் ஜிலிப்சி 2.28 இருக்க வேண்டும் என்றதும் உபுண்டு 18.04 சர்வர்களோடு தொடர்பு அறுந்தது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகே 12 மாத அவகாசம் தரப்பட்டது.

மென்பொருள் வாங்கும் அரசுத் துறைகளும் பள்ளிகளும், அது எந்தெந்தப் பதிப்புகளில் சோதிக்கப்பட்டது, எதுவரை ஆதரிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்