கோப்பி அழிந்தது முதலிலா, தேயிலை நட்டது முதலிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பகுதியில் வரும் மாதிரி வினாத்தாள்களைத் தவறாமல் பார்க்கிறேன். வினாவுக்குக் கீழேயே விடையும் அச்சாகியிருக்கிறது. நான் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். அந்த விடைகள்தான் உறுத்துகின்றன.

இலங்கைக்குத் தேயிலை ஏன் வந்தது என்று கேட்டால், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள்: "கோப்பி நோயால் அழிந்ததால்." நானும் அதற்குப் பல ஆண்டுகள் சரி போட்டவன்தான். ஒருநாள் தரம் 10 மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது 1869. வராத நோய்க்கு எப்படி மருந்து நட்டார்?"

வகுப்பு சிரித்தது. அதட்டி உட்கார வைத்திருக்கலாம். அதில் எங்களுக்குப் பயிற்சி அதிகம். அதற்குள் பின் வாங்கிலிருந்து ஒருவன், "அப்போ புத்தகம் பொய்!" என்று கத்தினான். பாடமாக்கி ஒப்பிப்பது போலவே இதுவும் யோசிக்காமல் வந்த விடைதான். கேள்வி கேட்கப் பழக்குகிறோம் என்று சொல்லும் ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் இரண்டு பேரையும் விடவில்லை. கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து ஆண்டுகளைக் குறித்தோம். அவன் அவளை மறுக்கும் முன், அவள் சொன்னதை அவளே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன். மூன்று முறை தவறினான். நோய் வந்த பிறகும் 1870களில் கோப்பிக்கு நல்ல விலை இருந்ததால் தோட்டங்களை நடத்திய துரைமார் அதைக் கைவிடவில்லை, தேயிலை மலையெங்கும் பரவியது 1880களில்தான் என்பதையும் எடுத்துக்கொடுத்தேன். 'தொடங்கியது' வேறு, 'பரவியது' வேறு என்று கடைசியில் கண்டுபிடித்தவன் அந்தப் பின் வாங்குப் பையன்தான். நோய், பரவியதற்குக் காரணம்; முதல் கன்றுக்கு அல்ல.

இரண்டு பாடவேளைகள் போயின. மேற்பார்வைக்கு வந்தவர், பாடத்திட்டத்தில் நான் பின்தங்கியிருப்பதைச் சிவப்பு மையில் குறித்துவிட்டுப் போனார். பரீட்சை நெருங்கும்போது எல்லா வினாவுக்கும் இப்படி நேரம் கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மாதத்துக்கு ஒரு வினாவுக்குக் கொடுக்கலாமே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வினாவையாவது விடையில்லாமல் போடுங்கள். "எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் எழுதி அனுப்புவதை அடுத்த வாரம் வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என்னுடையதிலிருந்தே தொடங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தலவாக்கலை