பெஸ்ஸி பிழைத்தாளா?

சாமர்வில், மாசசூசெட்ஸ்
டிசம்பர் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இங்கே குளிர் பிடித்துக்கொண்டது. நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து மாஸ்க்கோடு ரயில் ஏறினால் ஜன்னலில் வெறும் இருட்டு. அந்த நேரத்தில் பாட்டுதான் துணை. "அங்கே அப்படி என்னடி கேட்கிறாய்?" என்று போன தடவை கேட்டாயே, அதை போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுதுகிறேன்.

மரிஸா நாட்லர் என்று ஒரு பாடகி. இந்த பாஸ்டன் பக்கத்தில் வளர்ந்தவர். 2004லிருந்து ஆல்பம் போடுகிறார். இவர் பாடுவதை கோதிக் ஃபோக் என்கிறார்கள். கிதாரோடு பாடும் பழைய நாட்டுப்பாடல் பாணிதான், ஆனால் பாட்டெல்லாம் சாவும் பிரிவும் தொலைந்துபோனவர்களும். போன அக்டோபர் கடைசியில் 'தி பாத் ஆஃப் தி க்ளவுட்ஸ்' வந்தது. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, துப்புத் துலங்காத வழக்குகளைச் சொல்லும் 'அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்' என்ற பழைய டிவி தொடரைப் பார்த்துப் பார்த்து எழுதிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. 1971ல் விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலரோடு பாராசூட்டில் குதித்து மாயமான டி.பி. கூப்பர் ஒரு பாட்டில் வருகிறான். 1962ல் அல்கட்ராஸ் சிறையிலிருந்து தப்பியவர்களுக்கு ஒரு பாட்டு.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது முதல் பாட்டு. பெஸ்ஸி ஹைட் என்ற பெண்ணின் கதை அது. 1928ல் தேனிலவுப் பயணமாக, புருஷன் கிளென் தன் கையால் கட்டிய மரப்படகில் கொலராடோ ஆற்றில் இறங்கினார்கள். கிராண்ட் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்கைப் படகில் கடந்த முதல் பெண் என்று அவள் பேர் வாங்க வேண்டும் என்பது திட்டம். லைஃப் ஜாக்கெட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பருக்குப் பிறகு அவர்களைப் பார்த்தவர் இல்லை. டிசம்பரில் படகு மட்டும் கிடைத்தது, கவிழாமல், சாமான்கள் வைத்தது வைத்தபடி. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 1971ல் அதே ஆற்றில் படகுச் சவாரி வந்த ஒரு மூதாட்டி, "நான்தான் பெஸ்ஸி, புருஷனைக் கொன்றுவிட்டுத் தப்பித்தேன்" என்று சொன்னாராம். பிறகு அவரே இல்லை என்று மறுத்துவிட்டார். நாட்லர் பாட்டின் தலைப்பே ஒரு கேள்விதான்: பெஸ்ஸி, நீ பிழைத்தாயா?

இதை விமர்சகர்கள் பெரும்பாலும் மெச்சித்தான் எழுதியிருக்கிறார்கள். இங்கே கொலைப்பாட்டு என்று பெரிய மரபே உண்டு. காதலன் பெண்ணை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவான், அவள் திரும்பி வரமாட்டாள். 1808ல் வட கரோலினாவில் நவோமி வைஸ் என்ற பெண்ணை அப்படித்தான் ஆற்றில் மூழ்கடித்தார்கள், அந்தக் கதையை இருநூறு வருஷமாகப் பாடுகிறார்கள். நாட்லர் அதைத் திருப்பிப் போட்டு, ஆற்றிலிருந்து பெண்ணைக் கரையேற்றிவிட்டார் என்று பாராட்டு. குறை சொல்பவர்கள், பாட்டெல்லாம் ஒரே வேகம், ஒரே மூட்டம், கதை புகைக்குள் மறைந்துவிடுகிறது என்கிறார்கள்.

கேட்பவர்கள் பேசுவது வேறு மாதிரி இருக்கிறது. என் லேபில் ஒருவர், தாடியும் கறுப்பு டி-ஷர்ட்டுமாக வருவார், பிளாக் மெட்டல் என்ற காது கிழியும் இருண்ட ராக் இசையின் ரசிகர். 2010ல் ஸாஸ்தர் என்ற மெட்டல் இசைக்காரரின் ஆல்பத்தில் நாட்லர் பாடியிருந்தாராம், அதைக் கேட்டுத்தான் நாட்லர் பக்கம் வந்தார். கதை எதுவும் அவருக்கு வேண்டாம். "இந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது" என்றார். இரண்டு வருஷமாக ஊரே செத்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது, சாவைப் பற்றிய பாட்டு ஒருவரைத் தூங்கவைக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா?

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கோ நேரெதிர் கட்சி. 1960களில் பக்கத்து ஊர் கேம்பிரிட்ஜில், கிளப் 47 என்ற பாட்டு அரங்கில் உட்கார்ந்து, நாட்டுப்பாடல் பாடகி ஜோன் பயஸ் பாடக் கேட்டவர். ஹார்வர்டு பேராசிரியர் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களும் ஐந்து தொகுதிகளாக அவர் அலமாரியில் இருக்கின்றன, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ரெக்கார்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். ஒரு வரி பிடிபடவில்லை என்று முள்ளைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தார். "கதை சொல்கிறவள் வார்த்தையை விழுங்கலாமா? இவ்வளவு எதிரொலி எதற்கு?" என்று கோபம். ஜோன் பயஸ் பாடினால் கடைசி வரிசைக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்குமாம்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அக்கா. ஆனாலும் எனக்கு அந்த மூட்டம் வேண்டும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாத கதையை அவ்வளவு தெளிவாகப் பாடினால் அது பொய்யாகிவிடும். 'ஒரே மாதிரி இருக்கிறது' என்று எழுதியவர்கள் மெட்டை மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைக் கேட்கும்போதெல்லாம் பாட்டி பாடிய நல்லதங்காள் கதை ஞாபகம் வருகிறது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டு அவளும் விழுகிற இடத்தில் திண்ணையே அழும். நீ மட்டும் அழமாட்டாய். "அவள் ஏன் அந்த அண்ணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்று பாட்டியிடம் சண்டைக்குப் போவாய். அதனால்தான் உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும்.

பாட்டின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வரிகளைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டுக் கேள். பெஸ்ஸி கிளெனைக் கொன்றாள் என்கிறார் வீட்டுக்காரம்மா. கொல்லவில்லை, கரையேறி வேறு பெயரில் வாழப் போய்விட்டாள் என்பது என் கட்சி. நீ எந்தப் பக்கம் என்று எழுது. பொங்கலுக்கு முன்னால் பதில் வந்தால் அவரிடம் காட்டுவேன்.

அன்புடன்,
உன் தங்கை