மாதிரி நாடாளுமன்றத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மாணவர்களின் மாதிரி நாடாளுமன்றம் நல்லபடியாக நடந்து முடிந்தது. எழுந்து நின்று பேசிய பிள்ளைகளுக்குக் கைதட்டல் அன்றைக்கே கிடைத்துவிட்டது. கைதட்டல் எட்டாத இடங்களில் உட்கார்ந்து உழைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருங்கிணைப்பு ஆசிரியர் என்ற முறையில் அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. நேரில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன் என்றாலும், நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி, சட்டமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். முதல் வகுப்பில் அவர் வந்து நின்றதும், யார் பிரதமர், யார் சபாநாயகர் என்ற பேச்சுதான் மாணவர்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கேள்விக்கு நோட்டீஸ் யார் கொடுக்கப் போகிறீர்கள்?" என்றார். ஒரு கையும் உயரவில்லை. அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்கினார்.

மக்களவையில் ஓர் உறுப்பினர் அமைச்சரிடம் கேள்வி கேட்க வேண்டுமென்றால், பொதுவாக 15 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்வார். அதையொட்டித் துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில்தான் பதில் வரும். ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20தான். கேள்வி நேரத்துக்குள் எட்டாத கேள்விகளுக்கு எழுத்துப் பதிலோடு சரி. ஆகவே கேள்வி நீண்டால் பின்னால் காத்திருப்பவரின் நேரம் போகிறது. இதை அவர் விளக்கிய பிறகுதான், கேள்வி நேரம் என்பது பேச்சுப் போட்டி இல்லை என்று பிள்ளைகளுக்கு உறைத்தது.

அப்புறம் நோட்டீஸ்கள் வரத் தொடங்கின. வந்த வேகத்தில் திரும்பியும் போயின. "ஒலிபெருக்கித் தொல்லையால் மக்கள் படும் வேதனையைக் கண்டும் காணாமல் இருக்கும் இந்த அரசு எப்போதுதான் விழிக்கும்?" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். ஐயா அதைப் படித்துவிட்டு, "இது கேள்வி இல்லை தம்பி, பேச்சு. இதற்கு அமைச்சர் இன்னொரு பேச்சால் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்" என்றார். இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒலிபெருக்கி குறித்து எத்தனை புகார்கள் வந்தன. அவற்றில் எத்தனையின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மீதியின் மீது எடுக்காததற்குக் காரணம் என்ன. கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. ஆனால் அன்று அமைச்சராக இருந்த மாணவி இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயாரிக்க ஒரு மாலை முழுவதும் நூலகத்தில் இருந்தார். கேட்டவரும் வளர்ந்தார், பதில் சொன்னவரும் வளர்ந்தார். இந்த ஒரு தாளுக்காகவே ஐயாவுக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்லலாம்.

மாதிரி நாடாளுமன்றம் நம் நாட்டில் புதிதில்லை. கட்சி உறுப்பினர்களை அவையில் ஒருங்கிணைத்து, எப்படி வாக்களிப்பது என்று கட்டளை தருபவர்களைக் கொறடா என்பார்கள். 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு இதைப் பரிந்துரைத்தது. நாடாளுமன்ற விவகாரத் துறை 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. அந்த வழியில் பல இடங்களில் இன்றும் நன்றாக நடக்கிறது. ஒன்றை மட்டும் என் கருத்தாகச் சொல்கிறேன். வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் மேடை சிறக்கும், அவை நடத்தக் கற்றுக்கொண்டதாக ஆகாது. எதிரே இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாத நிலையில்தான் விதிகளின் அருமை புரியும். அதனால் மசோதா விவாதத்துக்கு வசனமே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். துணிந்து அனுமதித்த நிர்வாகத்துக்கும் முதல்வர் அம்மாவுக்கும் என் வணக்கம்.

மசோதாவை எழுத உதவிய சட்டக் கல்லூரி மாணவர்களை எப்படிப் பாராட்டுவது! ஒலி மாசு குறித்து 2000ஆம் ஆண்டின் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டியதே அவர்கள்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு உள்ள தடை, மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத அமைதி மண்டலம் என்று எல்லாம் அதில் உண்டு. இருப்பதையே மறுபடி எழுதாமல், பொதுத் தேர்வு மாதங்களுக்கென்று கூடுதல் பாதுகாப்பு தரும் மசோதாவாக நம்முடையது அமைந்தது அவர்களால்தான். தேர்வுக் காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதை யார் அறிவிப்பது என்ற ஒரு வரையறைக்கே நெடுநேரம் வாதாடினார்கள். பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு அது பெரிய பாடம்.

இனி, அன்று நடந்த டிவிஷனைப் பற்றி. குரலை வைத்து முடிவு செய்யாமல் வாக்குகளை எண்ணிப் பார்ப்பதுதான் டிவிஷன். அன்றைய நாளின் உயிர் அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

எதிர்க்கட்சிக் கடைசி வரிசையில் ஒரு மாணவி. வகுப்பிலும் அதிகம் பேசாதவர். முந்தைய நாளே செயலக மேஜையில் ஒரு திருத்தத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தார். மக்களவை விதிப்படி, மசோதா விவாதத்துக்கு வரும் நாளுக்கு ஒரு நாள் முன்பாகத் திருத்தத்துக்கு நோட்டீஸ் தராவிட்டால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் அனுமதித்தால்தான் பிறகு கொண்டுவர முடியும். அவருடைய திருத்தம் ஒரே வரி: தேர்வு மாதங்களில் பொது நூலகங்களைச் சுற்றியும் அமைதி மண்டலம் வேண்டும். வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் அங்கேதான் போகிறார்கள் என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு அமர்ந்தார்.

சபாநாயகர் திருத்தத்தை வாக்குக்கு விட்டார். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." ஆளுங்கட்சி வரிசையிலிருந்து "இல்லை" என்ற குரல் அரங்கமே அதிரும்படி எழுந்தது. "இல்லை என்போர் அதிகம்" என்று சபாநாயகர் சொன்னார். எல்லாரும் அடுத்த பிரிவைப் புரட்டத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பெண் எழுந்து, "டிவிஷன் கேட்கிறேன்" என்றார்.

மக்களவையில் டிவிஷன் கேட்டால், அவையை ஒட்டிய கூடங்களான லாபிகளைக் காலிசெய்யச் சொல்வார்கள். மூன்றரை நிமிடம் கழித்துத்தான் சபாநாயகர் கேள்வியை மீண்டும் அவை முன் வைப்பார். வெளியே இருக்கும் உறுப்பினர்கள் வந்து சேரத்தான் அந்த அவகாசம். நம் அவையில் மணி அடித்தவர் அலுவலக உதவியாளர் அண்ணன். கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு விநாடி முன்பின் இல்லாமல் அடித்து நிறுத்தினார். மூன்றரை நிமிடம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கத்திய பிள்ளைகள் கத்த ஒன்றும் இல்லாமல், மேஜை மேல் கிடந்த திருத்தப் பட்டியலை எடுத்து முதல் முறையாக நிதானமாகப் படித்தார்கள். இரண்டு பேர் தங்கள் அமைச்சரிடம் குனிந்து ஏதோ கேட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. பச்சை அட்டையும் சிவப்பு அட்டையும் எண்ணப்பட்டன. திருத்தம் நான்கு வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது.

இதில் ஆளுங்கட்சிக் கொறடாவாக இருந்த மாணவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்ந்ததிலிருந்து, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகக்கூடும். அது தெரிந்துதான் அவர், இந்தத் திருத்தத்துக்குக் கட்டளை எதுவும் இல்லை, அவரவர் மனம் போல் வாக்களிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். திருத்தம் நிறைவேறியதும் முகம் சுளிக்காமல் எழுந்து வாழ்த்தினார்.

சபாநாயகராக இருந்த பிள்ளையின் பொறுமையைச் சொல்லாமல் விட முடியாது. அவருக்கு முதல் சுற்றில் வாக்கு கிடையாது. இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். ஒத்திகை ஒன்றில் அப்படியே வந்து நின்றது. தன் நண்பர்கள் பக்கம் சாயப் பார்த்தவரை ஐயா நிறுத்தி, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் மக்களவையின் சபாநாயகராக இருந்த ஜான் எவலின் டெனிசன் பெயரால் வழங்கும் மரபைச் சொன்னார். அவையால் பெரும்பான்மையோடு முடிவெடுக்க இயலாத ஒன்றைச் சபாநாயகர் தன் ஒரு வாக்கால் மாற்றிவிடக் கூடாது. மசோதாவை இருந்தபடியே விட வேண்டும். "உங்கள் விருப்பத்தைச் சொல்ல அந்த வாக்கு இல்லை" என்றார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை உட்காரும் விதமே மாறிவிட்டது.

எதிர்க்கட்சியில் உட்கார ஒப்புக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி. தோற்போம் என்று தெரிந்தே ஒரு பக்கத்தைத் தயார் செய்வது எளிதில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மாணவி, நம் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் பற்றித் தேடிப் படித்து வந்து தன் வரிசைக்கே எடுத்துச் சொன்னார். 1963இல் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது அது. தோற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அரசு நாள்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே அவையில் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் விழுந்ததும் உண்டு. இவ்விரண்டையும் கேட்ட பிறகு, எதிர்வரிசையை மாற்றிக் கேட்டு யாரும் என்னிடம் வரவில்லை.

செயலக மேஜையில் இருந்த மூவர் அணிக்கு என் அன்பு. மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுக்கும்போது 2ஆம் பிரிவிலிருந்து தொடங்கி, சட்டத்தின் சுருக்கப் பெயரான குறுந்தலைப்பு உள்ள முதல் பிரிவையும், நோக்கத்தைச் சொல்லும் நீண்ட தலைப்பையும் கடைசியில்தான் வாக்குக்கு விட வேண்டும். உள்ளே நடக்கும் மாற்றங்களுக்கு ஏற்பத் தலைப்பும் மாற வேண்டியிருக்கலாம் அல்லவா? பரபரப்பில் சபாநாயகர் முதல் பிரிவை எடுக்கப் போனபோது, இந்த மூவரில் ஒருவர் சத்தமில்லாமல் ஒரு சீட்டை நகர்த்தி வைத்தார். பார்வையாளர் யாருக்கும் அது தெரியாது.

இருக்கைகளை லாட வடிவில் போட்டு, சபாநாயகருக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி என்று அமைத்துத் தந்த பணியாளர்களுக்கு நன்றி. பேசுபவருக்கும் சபாநாயகருக்கும் நடுவே யாரும் குறுக்கே போகக் கூடாது என்ற விதியை ஒரு தடவை சொன்னோம். பின்பக்கமாக நடைவழி விட்டு அவர்களே யோசித்துச் செய்துவிட்டார்கள். நேரம் பார்க்காமல் அனுப்பிவைத்த பெற்றோருக்கும், பழைய விவாதத் தொகுதிகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலகருக்கும் நன்றி.

கடைசியாகச் சுருக்கெழுத்துப் பயிலும் தோழர்கள். காசு எதுவும் வாங்காமல் வந்து, மாறி மாறி உட்கார்ந்து, அவையில் பேசிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்தார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்த இடத்திலும் யார் என்ன சொன்னார் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். சபாநாயகர் நீக்கச் சொன்ன இரண்டு சொற்கள் குறிப்பில் இல்லை. அமைச்சரைத் தனிப்பட்ட முறையில் தாக்கிய சொற்கள் அவை, நீக்கியது சரியே.

அவர்கள் தந்த குறிப்பு இப்போது தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. பேசிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதி திருத்தம் பார்க்க வரும். எழுத்துப் பிழை, பெயர்ப் பிழை, விட்டுப்போன எண் இவற்றை மட்டும் திருத்தலாம். சொன்னதை மாற்றவோ, சொல்லாததைச் சேர்க்கவோ கூடாது. நாடாளுமன்றத்திலும் வழக்கம் இதுதான். பார்த்து முடித்ததும் செயலக மேஜை அணியிடம் கையெழுத்தோடு ஒப்படைத்துவிடுங்கள். கட்டிய பிரதியில் ஒன்று நூலகத்துக்கு, ஒன்று ஐயாவுக்கு.

மிக்க நன்றியுடன்,
ஒருங்கிணைப்பு ஆசிரியர்