தமிழ்நாடு டிராகன்ஸுக்கு வயதேறிய முன்கள வீரர் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாக்கி இந்தியா லீகின் ஏலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்துக்கு வழக்கமாக வரும் ரசிகர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் கிளம்பிவிடுகிறது. கோலுக்கு முன்னாலுள்ள டி வட்டத்துக்குள் வேரூன்றி நிற்கக்கூடிய, தோள்பலத்தால் எதிரணித் தற்காப்பைத் திணறடிக்கக்கூடிய, பல ஆண்டுகள் சர்வதேச ஹாக்கி ஆடிய வெளிநாட்டு முன்கள வீரர் ஒருவரை, முப்பத்தைந்து வயதை நெருங்கியவராக இருந்தாலும், அந்த லீகில் ஆடும் நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி வாங்கலாமா என்பதே அந்தக் கேள்வி. வாங்கியே தீர வேண்டும் என்போர் அவருடைய பழைய கோல் கணக்கைக் காட்டுகிறார்கள். கூடவே கூடாது என்போர் பிறந்த ஆண்டைக் காட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர் களத்தில் என்ன வேலை செய்வார், அந்த வேலைக்கு என்ன விலை தகும் என்பதை இரு சாராருமே போதிய அளவு பேசவில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

உடல்பலத்தை நம்பி ஆடும் முன்கள வீரர் என்ற எண்ணமே பெரும்பாலும் பனிக்கட்டி ஹாக்கியிலிருந்து நம் விவாதங்களுக்குள் வந்தது. அங்கே பந்துக்குப் பதிலாக உள்ள வட்டத்தட்டைக் கையாளும் வீரரைத் தோளாலும் இடுப்பாலும் மோதித் தள்ளுவது விதிக்கு உட்பட்ட தடுப்பு. நம் ஹாக்கியில் அதே செயல் தவறு. உடலையோ ஸ்டிக்கையோ குறுக்கே வைத்துப் பந்தை மறைத்தாலும், எதிராளியின் மீது பின்புறமாகச் சாய்ந்தாலும் நடுவர் இரு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்து விசிலடித்துவிடுவார். பந்து எதிரணிக்குப் போய்விடும். அது தொடர்ந்தால் பச்சை அட்டை வரும். இரண்டு நிமிடங்களுக்கு அணி பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கும். ஆகவே பனிக்கட்டி ஹாக்கியின் அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது பொருந்தாது.

ஆனாலும் பலசாலியான முன்கள வீரருக்கு நம் ஆட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரணித் தற்காப்பைத் தாண்டி முன்னால் போய் நிற்பதைத் தடுத்த ஆஃப்சைடு விதி 1990களில் நீக்கப்பட்ட பிறகு கோல்கம்பத்துக்கு அருகிலேயே ஒருவர் நிலைகொள்ள முடிகிறது. அங்கே நின்று பழகியவர் என்ன செய்கிறார் என்பதை அரங்கத்தின் பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வலப்புறமிருந்து வேகமாக வரும் பந்தை அவர் கோல்கோட்டுக்கு அருகில் வாங்குகிறார். தற்காப்பு வீரர் முதுகோடு ஒட்டி நிற்கிறார். ஓட இடமில்லை, கோலை நோக்கி அடிக்கக் கோணமும் இல்லை. முழங்காலை மடித்து, எடையைத் தாழ்த்தி, பந்தை நிற்கவிடாமல் அரை அடி அரை அடியாக நகர்த்திக்கொண்டே தற்காப்பு வீரரின் பாதம் எந்தப் பக்கம் வருகிறது என்று காத்திருக்கிறார். பாதம் அசைந்த நொடியில் பந்தை அதன் மீது தட்டிவிடுகிறார். டி வட்டத்துக்குள் தற்காப்பு வீரரின் காலில் பந்து படுவது தவறு. விசில் ஊதப்படுகிறது, கோல்கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளிக் கோலை நோக்கி அடிக்கும் வாய்ப்பான பெனால்டி கார்னர் கிடைக்கிறது. அவர் பெயரில் கோல் பதிவாவதில்லை. ஆனால் கோலுக்கான வாய்ப்பை உண்டாக்கியவர் அவர்தான். இந்த வேலைக்கு வேகம் அதிகம் வேண்டாம். கால்பலமும் பொறுமையும், இடத்தை முன்கூட்டியே உணரும் அனுபவமும் வேண்டும். இவை வேகத்தைப் போல முப்பது வயதைத் தாண்டியதும் சட்டென்று குறைந்துவிடுபவை அல்ல.

புணேயின் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின்போது அவருக்கு வயது 36. பந்தோடு பாய்ந்து நான்கு பேரைக் கடந்துபோகும் அந்த வேகமே அவருடைய ஆட்டத்தின் உயிர். அந்த உயிர் குறையத் தொடங்கிய வயதில் அவரை அழைத்துச் சென்ற இந்திய அணி ஏழாம் இடத்தோடு திரும்பியது. அந்தத் தோல்விக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது பெரும் அநியாயம். அணிக்குள் அப்போது வேறு குழப்பங்கள் ஏராளம். ஆயினும் வேகத்தால் வாழ்ந்த முன்கள வீரரும் பலத்தால் வாழ்ந்த முன்கள வீரரும் ஒரே விதமாக முதுமையடைவதில்லை என்பதை ஏலத்தில் உட்காரும் நிர்வாகம் நினைவில் கொள்ள வேண்டும். ‘முப்பத்தைந்து வயது’ என்ற ஒரே சொல்லால் இருவரையும் ஒதுக்குவது சரியாகாது.

டேவிட் ஹார்ட்டை உதாரணம் காட்டுவோரிடமும் இதையே வேறு திசையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அயர்லாந்தைச் சேர்ந்த அந்தக் கோல்கீப்பர் 2024-25 பருவத்தில் டிராகன்ஸுக்கு ஆடியபோது அவருக்கும் வயது 36. அவரால் முடிந்தது முன்கள வீரரால் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். கோல்கீப்பரின் வேலை கோல்கம்பங்களுக்கு இடையில். முன்கள வீரரோ இன்றைய ஹாக்கியில் அணியின் முதல் தற்காப்பு வீரர். எதிரணியினர் தங்கள் கோல்பகுதியிலிருந்து பந்தை வெளியே எடுக்கும்போது அவர்களைத் துரத்தி, பந்து போகும் பாதைகளை மறித்து, ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளும் பொறுப்பு முன்வரிசை மூவருடையது. அவர்களில் ஒருவர் இரண்டடி தாமதித்தால் நடுக்களத்தில் பெரிய வாசல் திறந்துவிடும். பின்னால் இருக்கும் அமித் ரோஹிதாஸ் போன்ற தற்காப்பு வீரர்கள் எவ்வளவு உழைத்தாலும் அதை அடைக்க முடியாது. விருப்பம்போல் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி இதற்குப் பாதி பதில்தான். பதினைந்து நிமிடக் கால்பகுதி ஒன்றில் அவர் ஐந்தாறு நிமிடங்கள் மட்டும் ஆடினால் மிச்ச நேரத்தை ஓடித் தீர்க்க இளைஞர் ஒருவர் வேண்டும். அந்த இளைஞர் யார் என்று முடிவு செய்யாமல் மூத்தவரை வாங்குவது, வீடு கட்டாமல் கதவு வாங்குவதைப் போன்றது.

அட்டவணையையும் பார்க்க வேண்டும். லீக் மீண்டும் தொடங்கப்பட்ட 2024-25 பருவத்தில் எட்டு அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் லீக் சுற்றில் மட்டும் பத்து ஆட்டங்கள் ஆடின. டிசம்பர் 28 அன்று தொடங்கிய ஆடவர் போட்டி பிப்ரவரி 1 அன்று முடிந்துவிட்டது. அரையிறுதிக்குச் சென்ற அணி ஐந்து வாரங்களில் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. தொடைத் தசையிலோ முதுகிலோ சிறு பிடிப்பு வந்தால் இருபது வயதுக்காரர் இரண்டு நாளில் தேறிவிடுவார். முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் பத்து நாளாகலாம். அந்தப் பத்து நாளில் பருவத்தில் கால்பங்குக்கு மேல் போய்விடும். டிராகன்ஸ் அந்த ஆண்டு அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸிடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா அணியிடமும் தோற்று நான்காவதாக வந்தது. கடைசி இரண்டு ஆட்டங்களில் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன அணிக்கு, அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு முழு உடல்நலத்தோடு இருக்கக்கூடியவரே முதல் தேவை.

இனி பணத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. 24 பேர் கொண்ட அணியில் வெளிநாட்டவருக்கு எட்டு இடங்கள். அதிக விலைக்குப் போனவர் சூர்மா அணி 78 லட்சத்துக்கு வாங்கிய ஹர்மன்பிரீத் சிங். வெளிநாட்டவரில் கொன்சாலோ பெய்லாட் 68 லட்சத்துக்கு ஹைதராபாதுக்குப் போனார். யிப் யான்சனை டிராகன்ஸ் 54 லட்சத்துக்கு எடுத்தது. மூவருமே பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக், அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் அடி, அடிப்பவர்கள். ஆட்டத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அணி உரிமையாளர்கள் தங்கள் பணத்தாலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியிருக்க, பெனால்டி கார்னரை வாங்கித் தரும் மூத்த முன்கள வீரர், அதைக் கோலாக்கத் தெரிந்தவர் அணியில் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே பயன்படுவார். டிராக் ஃப்ளிக் அடிக்கத் தரமான ஆள் இல்லாத அணிக்கு அவர் வெறும் செலவு. அந்த ஆளை உறுதிசெய்துகொண்ட அணிக்கு, ஏலத்தின் கடைசிக் கட்டத்தில் அடிப்படை விலையிலோ அதற்குச் சற்று மேலாகவோ கிடைத்தால், அவர் நல்ல வரவு. அடிப்படை விலை அன்று 2, 5, 10 லட்சம் என்று மூன்று படிகளாக இருந்தது. பத்து லட்சத்தைப் பெரிதும் தாண்டி இப்படிப்பட்ட ஒருவருக்காகக் கையுயர்த்துவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஒப்பந்தக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் மட்டும் பனிக்கட்டி ஹாக்கி நமக்குப் பாடம் சொல்லித் தருகிறது. அதன் வட அமெரிக்க லீகிலும் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2016 ஜூலையில் எட்மன்டன் ஆய்லர்ஸ், உடல்பலத்துக்குப் பேர்போன மிலான் லூசிச்சை ஏழு ஆண்டுகளுக்கு 42 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு 28 வயதுதான். 2017-18இல் அவர் அடித்தது 10 கோல்கள். அடுத்த பருவத்தில் 6. 2019இல் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதே 2019இல் அனாஹைம் டக்ஸ், 34 வயதான கோரி பெரியின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. அதன்பின் ஓரிரு ஆண்டு ஒப்பந்தங்களில் குறைந்த சம்பளத்துக்கு ஆடத் தொடங்கிய பெரி, 2020இல் டாலஸ், 2021இல் மான்ட்ரியால், 2022இல் டாம்பா பே, 2024இலும் 2025இலும் எட்மன்டன் என்று ஐந்து முறை அந்த லீகின் கோப்பையான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆடினார். ஐந்திலும் அவர் அணி தோற்றது உண்மைதான். ஆனால் நாற்பது வயதை எட்டிய 2025இன் பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் 10 கோல்கள் அடித்தார். லூசிச் மோசமான வீரர் அல்லர். அவர் மீது கட்டப்பட்ட ஒப்பந்தம்தான் மோசமானது. ஆகவே நம் அணியும் இப்படிப்பட்டவரை ஒரு பருவத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். நன்றாக ஆடினார் என்பதற்காக அடுத்த ஆண்டும் தானாகத் தக்கவைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஆண்டு அவருக்கு இன்னொரு வயது கூடியிருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இனி சொல்லப்போவதுதான். அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயின்ற முன்கள வீரர் கார்த்தி செல்வம், 2023 ஆகஸ்டில் இதே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் மலேசியாவுக்கு எதிராகக் கோல் அடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. தமிழ்நாட்டிலிருந்து முன்களத்துக்கு ஒருவர் வருவதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்பது அந்த ஆரவாரத்தில் தெரிந்தது. வெளிநாட்டு வீரரை வாங்குவது இந்திய வீரரின் இடத்தை ஏட்டளவில் பறிப்பதில்லை. இரண்டு ஒதுக்கீடுகளும் தனித்தனி. ஆனால் ஆடும் நிமிடங்கள் பொதுவானவை. முன்வரிசையில் மூத்தவருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் கார்த்தியிடமிருந்தோ மற்றொரு முன்கள வீரரான உத்தம் சிங்கிடமிருந்தோ அவர்களுக்குப் பின்னால் காத்திருக்கும் ஜூனியர் வீரரிடமிருந்தோ எடுக்கப்பட்டதாகவே இருக்கும். 2025 டிசம்பர் 10 அன்று ஜூனியர் உலகக் கோப்பையின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்திய இளைஞர்கள் கடைசிக் கால்பகுதியில் மட்டும் நான்கு கோல்கள் அடித்து 4-2 என்று வென்றதும் சென்னையில்தான். மற்ற அணி களைத்த நேரத்தில் ஓடும் கால்கள் என்ன செய்யும் என்பதை அன்று இந்த நகரம் நேரில் கண்டது. அப்படிப்பட்ட கால்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, பெயருக்காகவும் விளம்பரத்துக்காகவும் ஒரு மூத்த வீரரை முழு ஆட்டமும் ஆடவைத்தால் அதை ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

மூத்த வீரர் இளைஞர்களுக்குக் கற்றுத் தருவார் என்ற வாதமும் உண்டு. அது பயிற்சியாளர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. வெறுமனே ஒரே உடைமாற்றும் அறையில் இருந்துவிட்டால் கல்வி வந்துவிடாது. கோல்கோட்டருகே பாதத்தைத் தேடிப் பந்தைத் தட்டும் அந்த வித்தையை வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், நம் முன்கள வீரர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர அவர் சம்மதிப்பாரா என்று ஏலத்துக்கு முன்பே அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். சம்மதிப்பவராக இருந்தால் விலையில் சற்று விட்டுக்கொடுப்பதற்குக்கூட நான் உடன்படுவேன்.

டிராகன்ஸ் நிர்வாகத்திடம் தங்கள் நாளிதழ் மூலமாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஏலம் முடிந்ததும் வாங்கிய வீரர்களின் பெயரையும் விலையையும் அறிவிப்பதோடு நிறுத்திவிடாமல், முன்களத்துக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் என்ன பொறுப்பு என்று பயிற்சியாளரே செய்தியாளர்களிடம் விளக்க வேண்டும். வயதேறிய ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தால், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடங்கள் அவருக்கு ஒதுக்கப்படும், அவர் வெளியே வரும்போது அந்த இடத்தில் இறங்கும் தமிழக இளைஞர் யார் என்பதையும் அப்போதே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாக்கியை நேசிக்கும் வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.