கல்வி உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்களுக்கு விதி மாற்றங்களை உரிய நேரத்தில் தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கல்வி உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்கள் மற்றும் நோடல் (பொறுப்பு) அலுவலர்கள்,
அரசு உதவி பெறும் மற்றும் சுயநிதிக் கல்லூரிகள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: கல்வி உதவித்தொகைத் திட்டங்களின் விதி மாற்றங்கள், இணையதள மாற்றங்கள் ஆகியவற்றைக் கல்லூரி உதவித்தொகைப் பிரிவுகளுக்கு ஒரே இடத்தில் எண்ணும் தேதியும் இட்டுத் தெரிவிப்பது, ஆண்டுக் கையேடு, பயிற்சி, உதவி மையம் ஏற்படுத்தித் தருவது - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் என்று சொல்லப்படும் அறையில் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். எங்களில் இளநிலை உதவியாளர்கள் உண்டு. தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் உண்டு. வகுப்பெடுத்த நேரம் போக இந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர்களும் உண்டு. அரசு ஒரு மாணவருக்கு ஒதுக்கும் பணம் அவர் கணக்குக்குப் போவதற்கு முன், அவருடைய விண்ணப்பத்தை முதலில் பார்த்துச் சரி என்று அனுப்புவது நாங்கள்தான். விதி மாறினால் அது எங்களுக்கு நேராக வந்து சேர ஏற்பாடு இல்லை. அதைச் செய்து தர வேண்டும் என்று கேட்கவே இந்த மனு.

திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 11.09.2012 நாளிட்ட அரசாணை எண் 92 இருக்கிறது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இருக்கிறது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தையும் அரசு செலுத்துகிறது. 2022 செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, 2024 ஆகஸ்ட் 9-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. இந்த இரண்டிலும் கிடைக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும். அந்தப் பணம் வந்த பிறகு வகுப்புக்கு ஒழுங்காக வரத் தொடங்கிய பெண் பிள்ளைகளை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். இவற்றை நடத்தும் அரசுக்கு எங்கள் நன்றியை முதலில் பதிவு செய்கிறோம்.

ஆனால் ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு துறையிடம் இருக்கிறது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சமூக நலத்துறை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, அப்புறம் மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளம். ஒவ்வொன்றுக்கும் தனி வருமான வரம்பு, தனிச் சான்றிதழ், தனிக் கடைசித் தேதி. அரசு, அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு வருமான வரம்பு கிடையாது. அவரே அதே கல்லூரியில் முதுகலை சேர்ந்தால் குடும்ப ஆண்டு வருமானம் 2.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். புதுமைப் பெண் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பெண்ணுக்கும் அது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பர் இறுதியில்தான் அது விரிந்தது. ஏற்கெனவே வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இதைப் பெறலாம். இவ்வளவும் தெரிந்திருந்தால்தான் ஒரு பிள்ளையிடம் "உனக்கு இது கிடைக்கும், இதற்கு விண்ணப்பி" என்று எங்களால் சொல்ல முடியும். செக்‌ஷனுக்குப் புதிதாக வந்தவருக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? பழையவர் இருந்தால் அவர் சொல்வார். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் யாரும் இல்லை.

இப்போது மாற்றங்கள் எங்களுக்கு வரும் விதத்தைச் சொல்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ஒரு கடிதத்தைப் படம் எடுத்துப் போடுவார். மேல் பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், எண்ணும் தேதியும் தெரியாது. அது இந்த ஆண்டுக் கடிதமா, போன ஆண்டுக் கடிதமா என்று குழுவிலேயே ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும். "எங்க மாவட்டத்துல அப்படி இல்ல" என்பார் ஒருவர். "அது எஸ்சி எஸ்டிக்கு மட்டும், பிசிக்கு இல்லை" என்பார் இன்னொருவர். மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே நாங்கள் நான்கு பேருக்குப் போன் அடித்து, யார் சொல்வது சரி என்று தோன்றுகிறதோ அதன்படி செய்கிறோம். இதற்கு எந்த அலுவலரையும் குறை சொல்ல வரவில்லை. ஒவ்வொரு துறையும் தன் கீழுள்ள அலுவலகத்துக்கு ஒழுங்காகத்தான் கடிதம் அனுப்புகிறது. துறைகளின் அந்த வரிசை கல்லூரி வாசலுக்கு முன்பே முடிந்துபோகிறது.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறோம். ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி. அவளுடைய விண்ணப்பம் சரி, சான்றிதழ்கள் சரி, நாங்கள் சரிபார்த்து அனுப்பியாகிவிட்டது. தளத்தில் "பணம் அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறது. அவள் கொடுத்த பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை. "சார், எல்லாருக்கும் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலை" என்று திரும்பத் திரும்ப வருகிறாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆதார் வழியாக அனுப்பும் பணம், விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்த ஆதாருடன் கடைசியாக எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். ஊரில் நடந்த ஒரு முகாமில் அவளுக்கு வேறொரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கைரேகை வைத்தது நினைவிருக்கிறது, கணக்கு தொடங்கியது அவளுக்குத் தெரியாது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. இணைப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்க்க ஓடிபி வேண்டும், ஓடிபி போகும் எண் அப்பாவிடம், அப்பா கேரளத்தில் வேலையில். அந்தப் பணம் அவள் கைக்கு வருவதற்குள் செமஸ்டர் கட்டணம் கட்டும் கடைசி நாள் போய்விட்டது.

விண்ணப்பம் வாங்கும்போதே "உன் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, பார்த்துவிட்டு வா" என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாராவது எழுதித் தந்திருக்க வேண்டும். ஆதிதிராவிட மாணவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2020-21 முதல் போஸ்ட் மெட்ரிக் தொகையில் 60 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 40 சதவீதம் மாநிலப் பங்கு என்று ஆனது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு வருகிறது, அதுவும் மாணவரின் கணக்குக்கே நேராக. ஒரே ஆண்டின் தொகை இரண்டு வேளையில் வருவதால், வந்தது எந்தப் பங்கு, வராதது எந்தப் பங்கு என்று மாணவருக்கும் தெரிவதில்லை, கல்லூரிக்கும் தெரிவதில்லை. சில கல்லூரிகளில் இது பிள்ளைகளிடம் கட்டணம் கேட்டு நெருக்கும் இடம் வரை போகிறது.

மாணவருக்குச் சாதகமான விதியும் இதே போலத் தெரியாமல் போகிறது. இரண்டு ஆண்டு வரவு செலவு செய்யாத கணக்கை வங்கிகள் செயலற்றது என்று நிறுத்திவிடுவது வழக்கம். கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளுக்கு அந்த விதியைப் பொருத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த ஒரு தாள் எங்கள் கையில் இருந்தால், முடக்கப்பட்ட கணக்கோடு வரும் மாணவரை நம்பிக்கையோடு வங்கிக்கு அனுப்பலாம். எங்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாமல் இருந்தது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் நிதியுதவி அலுவலகம், கல்லூரிகளில் நிதியுதவி வேலை பார்ப்பவர்களுக்கென்றே ஒரு தகவல் மையம் வைத்திருக்கிறது. அங்கே வரும் அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, கொள்கை விளக்கக் கடிதங்களுக்கு வரிசை எண் உண்டு, ஆண்டுக்கு ஒரு கையேடு உண்டு, ஆண்டுக்கு ஒரு பயிற்சி மாநாடும் உண்டு. அங்கேயும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும் நிதியுதவி விண்ணப்பம், 2024-25 ஆண்டுக்கு 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. மாணவர் விவரங்கள் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கவே 2024 மார்ச் ஆனது. ஆனால் தளத்தில் எந்தக் கோளாறு இருக்கிறது, அதற்குத் தற்காலிக வழி என்ன, எது தீர்ந்துவிட்டது என்ற பட்டியலை அவர்கள் வெளிப்படையாக வைத்து, திருத்திக்கொண்டே வந்தார்கள். கோளாறு இருப்பதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியும். அது தளத்தின் கோளாறா, நாங்கள் செய்த தவறா என்று தெரியாமல் இரவு வரை உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

ஆகவே நாங்கள் முதன்மையாகக் கேட்பது இதுதான். கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யுமிஸ் தளத்தில் கல்லூரி உள்நுழைவுப் பக்கத்திலேயே ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும். எந்தத் துறையின் உதவித்தொகையாக இருந்தாலும் விதி மாறினால், படிவம் மாறினால், கடைசித் தேதி நீண்டால், அது முதலில் அங்கே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, யாருக்குப் பொருந்தும், எந்தக் கல்வியாண்டுக்கு, எந்தப் பழைய உத்தரவை இது மாற்றுகிறது என்ற விவரம் இருந்தால் போதும். பழைய அறிவிப்புகளை நீக்காமல் தேடிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். தளப் பராமரிப்பு, தெரிந்த கோளாறு ஆகியவையும் அங்கேயே வரட்டும். துறைகள் பலவாக இருந்தாலும் அவை எல்லாம் வந்து சேரும் இடம் கல்லூரி. அதனால்தான் இதைத் தங்கள் துறையிடம் கேட்கிறோம்.

அடுத்தது கையேடு. தமிழில், சேர்க்கை தொடங்கும் முன், மே மாதத்துக்குள் வர வேண்டும். திட்டங்களின் பெருமை அதில் வேண்டாம். எந்த மாணவருக்கு எது பொருந்தும், எதையும் எதையும் சேர்த்து வாங்கலாம், எதை வாங்கினால் எது நின்றுபோகும், ஆதார் இணைப்பை எப்படிப் பார்ப்பது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னாலும் ஆதாரில் அப்பா பெயர் பின்னாலும் இருந்தால் எதை எங்கே திருத்துவது, இவைதான் வேண்டும். இந்தப் பெயர் விஷயம் வெளியிலிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரியும். எங்கள் வேலை நாளில் பாதியை அதுதான் விழுங்குகிறது. பெயரை ஆதாரில் திருத்தினால் வங்கியில் ஒட்டாது, வங்கியில் திருத்தினால் சாதிச் சான்றோடு ஒட்டாது. எதை முதலில் திருத்த வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் பிள்ளைகள் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அலைவது பெருமளவு குறையும்.

விண்ணப்பம் திரும்பி வரும்போது வெறுமனே "திருப்பப்பட்டது" என்று வராமல், எந்தச் சான்றில் என்ன குறை என்று காரணமும் வர வேண்டும். பணம் திரும்பியிருந்தால் வங்கி சொன்ன காரணமும், பணம் சேர்ந்திருந்தால் அது போன வங்கியின் பெயரும் கல்லூரி உள்நுழைவில் தெரிய வேண்டும். கணக்கு எண் முழுவதும் தேவையில்லை, வங்கியின் பெயரும் கடைசி நான்கு இலக்கமும் போதும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஜூன் மாதம் மாவட்டத்தில் ஒரு நாள் பயிற்சி வைக்க வேண்டும். தொகுப்பூதியப் பணியாளர்களையும் அதற்கு அழைக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகளில் உண்மையில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். இதை அழுத்திச் சொல்கிறோம். கூட்டத்துக்குப் போவது முதல்வர் அல்லது மூத்த பேராசிரியர், கணினி முன் உட்காருவது வேறொருவர் என்றால் பயிற்சியால் பயனில்லை. தொலைபேசி உதவி மையத்தில் ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் நோடல் அலுவலர் மாறும்போது உள்நுழைவை மாற்றிக் கொடுப்பதையும் விரைவுபடுத்தித் தர வேண்டும்.

இவற்றில் அறிவிப்புப் பலகைக்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவைப்படாது என்று கருதுகிறோம். மற்றவற்றுக்குக் காலம் ஆகும் என்றால், இந்தக் கல்வியாண்டில் இதுவரை வெளியான உதவித்தொகைச் சுற்றறிக்கைகள் அனைத்தையும் முதலில் ஒரே பக்கத்தில் ஏற்றித் தந்தாலே நாளைக்கே எங்களுக்கு உதவும். கையேடு தயாரிக்கும்போது கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் இருப்போர் சிலரையும் குழுவில் சேர்த்துக்கொண்டால், வகை வகையாக வரும் சிக்கல்களைத் தொகுத்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இது குறித்து நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவித்தொகைப் பிரிவுப் பணியாளர்கள் மற்றும் நோடல் அலுவலர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: திருவண்ணாமலை

நகல்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திருவண்ணாமலை - தகவலுக்காகவும் நடவடிக்கைக்காகவும்.