கைமாறிய விளையாட்டு நிறுவனம்: விலையை மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ விளையாட்டு நிறுவனமான அக்டிவிஷன் பிளிசார்ட்டை மைக்ரோசொப்ட் வாங்கியது பற்றிப் பேசுவோர், 68.7 பில்லியன் டொலர் என்ற தொகையோடு நின்றுவிடுகிறார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயரை வெளியிடாத அட்டாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்திலிருந்து மனம் கசந்து வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் சேர்ந்து தொடங்கியதே அக்டிவிஷன். விளையாட்டை உருவாக்கியவரின் பெயரைப் பெட்டியிலேயே அச்சிட்ட பெருமை அதற்குண்டு. 2008இல் விவெண்டி என்ற பிரெஞ்சு ஊடக நிறுவனத்தின் கைக்குப் போய், 2013இல் தன் பங்குகளை மீட்டெடுத்த அதே நிறுவனத்தின் மீதுதான், பெண் ஊழியர்கள் பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானார்கள் என்று கலிபோர்னியா அரசு 2021இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு 2023 டிசெம்பரில் இணக்கப்பாட்டில் முடிந்தது. அதற்கு முன்பே, ஒக்டோபரில், நிறுவனம் கைமாறியிருந்தது; 2024 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலைநீக்கம் செய்தது.

பரந்தன் சந்தியில் ரியூசன் முடிந்த பிள்ளைகள், கீறல் விழுந்த ஒரே கைபேசியைச் சுற்றி நின்று அந்நிறுவனத்தின் போர் விளையாட்டான கோல் ஒப் டியூட்டி விளையாடுவதை அடிக்கடி காண்கிறேன். போர் தின்ற மண்ணில் இந்த விளையாட்டா என்ற வேதனை எனக்குண்டு. அது தனியே பேசவேண்டியது. ஆனால் அவர்களுள் சிலர் கணினி படித்து இத்துறைக்கே போக விரும்புகிறார்கள். ஆகவே, உரிமை கைமாறும்போது தொழிலாளருக்கு என்ன நேர்கிறது என்பதையும் தங்கள் மாணவர் பக்கத்தில் விரிவாக எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
கிளிநொச்சி.